குக்கர் விசிலும் நாயனமும்: ஊதுகருவி எப்படி இயங்குகிறது?

ஓசூர் சிப்காட்டில் லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். பிரஷர் குக்கரும் செய்கிறார்கள். டிடிகே பிரஸ்டீஜ் ஆலை இங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் சீர்வரிசையில் குக்கர் இல்லாமல் இருக்காது. அதே மண்டபத்தில் மேடையோரம் ஜமக்காளத்தில் நாயனக்காரர் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு செட்டு வாசலில் நிற்கும். பெண் வீடு கர்நாடகப் பக்கம் என்றால் ஒரு சாக்ஸபோனும் வந்திருக்கும். குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு இந்த மூன்றும் பாதி புரிந்த மாதிரிதான். மீதிப் பாதி குழாய் சம்பந்தப்பட்டது. அங்கே குக்கர் உதவாது. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்று. "நல்லா காத்த விட்டு ஊதுப்பா" என்று மண்டபத்தில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார். காற்றை விட்டால் சத்தம் வந்துவிடாது. மூன்றடி பிவிசி குழாயை எடுத்து வாயை அகலமாக வைத்து ஊதிப் பாருங்கள். புஸ்ஸென்று காற்று மறுமுனையில் போய்விடும், அவ்வளவுதான். காற்றைத் தடுக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி தடுக்க வேண்டும். இப்படி வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டு விட்டு வரும் காற்றைத்தான் காது ஸ்வரம் என்று கேட்கிறது. எவ்வளவு காற்று என்பதைவிட எத்தனை முறை தடுக்கிறோம் என்பதே ஸ்வரத்தை முடிவு செய்கிறது.

புல்லாங்குழல் இந்தக் கணக்கில் வராது. அங்கே காற்று ஒரு விளிம்பில் மோதிப் பிரிகிறது. அது வேறு வகை. இங்கே நான் பேசுவது வாயில் வைத்து அழுத்தி ஊதும் கருவிகளை: நாதஸ்வரம், தெருக்கூத்தில் வரும் முகவீணை, திருவிழாக் கொம்பு, எக்காளம், ட்ரம்பெட், யூஃபோனியம், சாக்ஸ், கிளாரினெட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பங்குனி மாதம் சுற்றினால் இவற்றில் பெரும்பாலானதைக் கேட்டுவிடலாம். ஓசூர் மலைமேல் சந்திரசூடேஸ்வரர் தேருக்கே மூன்று மாநிலத்து ஜனம் வருகிறது.

உதடு எனும் வெயிட்

குக்கர் மூடிமேல் உள்ள வெயிட்டைக் கவனியுங்கள். உள்ளே ஆவி சேர்கிறது. வெயிட்டின் கனம் அதை அடக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் அந்தக் கனத்தை மிஞ்சியதும் வெயிட் எழும்புகிறது, ஆவி சீறி வெளியே போகிறது. போனதும் அழுத்தம் இறங்குகிறது, வெயிட் உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி சேர்கிறது, மறுபடி எழும்புகிறது. விசில் சத்தத்தை விட்டுவிட்டு இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள். அடுப்பு ஒரே சீராக எரிகிறது. வெளியே வருவதோ விட்டு விட்டு வருகிறது. சீரான அழுத்தத்தைத் துடிப்பாக மாற்றும் இந்த வேலைதான் ஊதுகருவியின் வாய்முனையில் நடக்கிறது.

ட்ரம்பெட்காரரின் உதடுதான் அங்கே வெயிட். உதடுகளைச் சேர்த்து மூடி, மவுத்பீஸில் பதித்து, உள்ளிருந்து மூச்சைத் தள்ளுகிறார். வாய்க்குள் அழுத்தம் ஏறி உதடுகளைப் பிளக்கிறது. கொஞ்சம் காற்று தப்புகிறது. தசையின் இறுக்கம் உதடுகளை மறுபடி சேர்க்கிறது. மவுத்பீஸைத் தனியே கழற்றி ஊதச் சொன்னால் 'புர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்க அழகாக இருக்காது, ஆனால் ட்ரம்பெட்டின் மூலதனமே அதுதான். கொம்பு, எக்காளம், சங்கு எல்லாவற்றிலும் இதே கதை. குக்கரின் வெயிட்டுக்கு ஒரே கனம். உதட்டை இறுக்கலாம், தளர்த்தலாம். இறுக்கினால் வேகமாகத் திறந்து மூடும், ஸ்வரம் ஏறும்.

அழுத்தத்திலும் வித்தியாசம் பெரிது. குக்கருக்குள் வெளிக் காற்றைவிட ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால்தான் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் 120 வரை போகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. மேல் ஸ்தாயியில் உரக்க ஊதும் ட்ரம்பெட்காரரின் வாய்க்குள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவு அழுத்தம் உண்டாகும். கேட்கச் சின்னதாகத் தெரியலாம். மனிதக் கன்னமும் உதடும் அதைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊதுவது லேசான காரியமில்லை.

இடையில் ஒரு சங்கதி. ஓசூர் மேம்பாலத்தில் காதைப் பிளக்கும் லாரி ஏர் ஹாரனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உதட்டுக்குப் பதில் ஒரு உலோகத் தகடு. அமுக்கிய காற்று தகட்டைத் தள்ளித் திறக்கிறது, தகடு தானாக மூடிக்கொள்கிறது, அதன் முன்னால் ஒரு கூம்புக் குழாய். ஊதுகிறவர் மட்டும் இல்லை. பல ஸ்வரம் மாற்றி மாற்றிப் பாடும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன என்பது சூளகிரி தாண்டி வரும் ஓட்டுநர்களில் பலருக்கு நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

சீவாளி: தலைகீழ் குக்கர்

நாதஸ்வரத்தில் கதை தலைகீழ். சீவாளி என்பது நாணல் தட்டையில் செய்த இரண்டு மெல்லிய இதழ்கள்; நடுவில் கண் போன்ற ஒரு சின்ன இடைவெளி. அது சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும். வாய்க்குள் வைத்து ஊதினால் அழுத்தம் இதழ்களை இரு பக்கமும் அமுக்கி மூடப் பார்க்கிறது. குக்கரில் அழுத்தம் திறக்கிறது. சீவாளியில் அழுத்தம் மூடுகிறது. மூடியதைத் திறந்துவிடுவது நாணலின் விறைப்பும், குழாய்க்குள் போய்த் திரும்பி வரும் காற்றலையும். இரண்டு கட்டை சுருதியில் சட்ஜம் பிடித்தால் வினாடிக்குச் சுமார் 294 தடவை இந்தக் கண் மூடித் திறக்கிறது.

சீவாளி விஷயத்தில் நாயனக்காரர்கள் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். தட்டை கெட்டியாக இருந்தால் அழுத்தத்துக்கு மூடாது. மூச்சைக் கொட்டினாலும் பாதிதான் ஸ்வரமாகும், மீதி வெறும் காற்றாகப் போகும். தட்டை ரொம்ப மெலிந்துவிட்டால் கொஞ்சம் பலமாக ஊதியதும் ஒரேயடியாக மூடிக்கொள்ளும், சத்தம் அடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மயிரிழைதான் நல்ல சீவாளி. அந்த மயிரிழையும் ஈரத்தைப் பொறுத்து மாறும்.

மண்டபத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். நாதஸ்வரத்தின் மேல்முனையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதில் மாற்றுச் சீவாளிகள் கோத்திருக்கும், கூடவே தந்தத்தில் செய்த மெல்லிய ஊசி ஒன்றும். ஊதுவதற்கு முன் ஒரு சீவாளியை எடுத்து உதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். எச்சில் ஊறி இதழ் இளகும்வரை பேச்சு கிடையாது. யாராவது கேள்வி கேட்டால் தலையாட்டல்தான் பதில். பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பார். ஊசியை உள்ளே விட்டு லேசாக விரிப்பார், அல்லது கட்டைவிரலால் ஒரு பக்கம் அமுக்குவார். தனியே 'பீ' என்று ஒரு ஊது. தவில்காரர் காது கொடுத்து, "ணா, இன்னும் ஏறல" என்பார். "ஊறட்டும்யா, என்னா அவசரம்" என்று இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார் இவர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கெண்டை எனும் உலோகக் குழலில் சீவாளியைச் செருகுவார். அந்த இடத்தில் காற்று கசிந்தால், காஸ்கெட் போன குக்கர்தான்: எவ்வளவு எரித்தாலும் விசில் வராது. அதற்காகவே அங்கே நூல் சுற்றி இறுக்குகிறார்கள்.

சாக்ஸும் கிளாரினெட்டும் சீவாளி வகைதான். இரண்டு இதழுக்குப் பதில் ஒரே ரீடு, எதிரே மவுத்பீஸின் கெட்டியான விளிம்பு. உடம்பு பித்தளை என்பதால் சாக்ஸைப் பேண்டு செட்டுக்காரர்கள் ட்ரம்பெட்டோடு சேர்த்து எண்ணுகிறார்கள். உள்ளே நடப்பதைப் பார்த்தால் அது நாயனத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

குழாயின் ஆட்சி

இங்கே குக்கரை இறக்கி வைத்துவிடலாம். குக்கரின் வெயிட்டுக்கு எப்போது எழும்ப வேண்டும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்வதில்லை. உதட்டுக்கும் சீவாளிக்கும் அப்படியில்லை, குழாய் சொல்கிறது.

வாய்முனையில் தப்பிய ஒரு துளிக் காற்றழுத்தம் குழாய்க்குள் அலையாகப் போகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகம். கீழ்முனையில் அணசு விரிந்து வெளிக் காற்றைத் தொடும் இடத்தில் கொஞ்சம் வெளியேறுகிறது, மற்றது திரும்பி வருகிறது. நாம் கேட்பது வெளியேறிய அந்தக் கொஞ்சத்தைத்தான். திரும்பி வந்த அலை வாய்முனையை எட்டி, சரியான சமயத்தில் அதைத் திறக்கவோ மூடவோ உதவுகிறது. நாலைந்து தடவை போய் வந்ததும் உதடும் குழாயும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். 'புர்ர்' என்ற அசட்டுச் சத்தம் ஸ்வரமாக நிலைப்பது அப்போதுதான். குழாய் நீளமானால் அலை போய் வர நேரமாகும், ஸ்வரம் இறங்கும். அதனால்தான் நாயன வகைகளில் குட்டைத் திமிரி கீச்சென்று மேல் சுருதியில் பேசுகிறது, நீளமான பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் கம்பீரமாகப் பேசுகிறது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) தன் வாசிப்புக்குக் கீழ்ச் சுருதி வேண்டும், சுத்த மத்தியமமும் சுத்தமாகப் பேச வேண்டும் என்று விரும்பியதற்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததுதான் இன்று எல்லாரும் கையில் வைத்திருக்கும் பாரி.

கொம்பு ஊதுகிறவருக்கு ஓட்டையும் கிடையாது, பிஸ்டனும் கிடையாது. ஒரே நீளம். ஆனாலும் உதட்டை இறுக்கி இறுக்கி அவர் சில ஸ்வரங்களைப் பிடிக்கிறார். ஒரு நீளக் குழாய் ஒரே தாளத்துக்கு மட்டும் கட்டுப்படுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்குக்கும் இடம் கொடுக்கும். இரண்டு மடங்கைச் சட்ஜம் என்று வைத்தால் மூன்று பஞ்சமம், நான்கு மேல் சட்ஜம், ஐந்து காந்தாரம், ஆறு மேல் பஞ்சமம். நடுவில் உள்ள ஸ்வரங்கள் கிடைக்காது. கொம்பில் ராகம் எதிர்பார்க்கக் கூடாது. அறிவிப்புக்கும் ஆவேசத்துக்கும் உள்ள கருவி அது. ஐரோப்பாவிலும் ட்ரம்பெட்டும் ஹார்னும் நெடுங்காலம் இந்தச் சிறையில்தான் இருந்தன. 1818-இல் பிரஷ்யாவில் ஷ்டோல்ட்சல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் கதவு திறந்தது. வால்வை அழுத்தினால் காற்று ஒரு கூடுதல் வளையம் சுற்றிப் போகும், குழாய் நீளும். ட்ரம்பெட்டின் நடு வால்வு அரைக் கட்டை இறக்கும், முதல் வால்வு ஒரு கட்டை, மூன்றாவது ஒன்றரைக் கட்டை. சேர்த்து அழுத்தினால் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வால்வு படிப்படியாக இறங்கும், நடுவில் நழுவாது. கமகம் என்றால் ட்ரம்பெட்காரர் திணறுவது அதனால்தான். நாதஸ்வரத்தில் குழாயை நீட்டவும் குறைக்கவும் துளைகள். விரல் படுவது ஏழு. கீழே விரல் படாத ஐந்து துளைகள் சுருதியைச் சரிசெய்ய. விரலைப் பாதி விலக்கினால் நீளம் பாதி மாறும், உதட்டால் சீவாளியைக் கவ்வும் அழுத்தத்தை மாற்றினால் இன்னும் கொஞ்சம் நழுவும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள வழுக்கல் முழுவதும் ஊதுகிறவர் கையிலும் வாயிலும் இருக்கிறது.

அடுத்தது குழாயின் வடிவம். நாதஸ்வரம் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. சாக்ஸும் கூம்பு. கிளாரினெட் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள உருளை. கூம்பில் பலமாக ஊதினால் ஸ்வரம் நேராக மேல் ஸ்தாயிக்குத் தாவும்; கீழே எந்த விரலோ மேலேயும் அதே விரல். உருளையில் தாவினால் மேல் ஸ்தாயியைத் தாண்டிப் பஞ்சமத்தில் போய் விழும். இரண்டு ஸ்தாயிக்கும் தனித்தனி விரல் பாடம். நாயனம் படித்த கை சாக்ஸில் சீக்கிரம் பழகுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தட்சிண கன்னடத்தில் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949-2019), மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு மயங்கி அதை கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாயனத்தின் இடத்தில் சாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. அத்திப்பள்ளி தாண்டினால் அது ஆச்சரியமான காட்சியே இல்லை.

மைக் வைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ட்ரம்பெட்டில் சத்தம் முழுவதும் வாய் விரிந்த முனையில்தான் வரும். அங்கே மைக் வைக்கலாம். நாயனத்தில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. மைக்கை அணசுக்குள் சொருகினால் சில ஸ்வரம் அலறும், சில ஸ்வரம் காணாமல் போகும். இரண்டடி தள்ளி, குழாயின் நடுவைப் பார்த்து வையுங்கள்.

விடிகாலை முகூர்த்தமும் கால் கட்டையும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டில் காற்று லேசு, அதனால் சுருதி மாறுகிறது என்று வித்வான்கள் சிலர் சொல்வதுண்டு. சுருதி மாறுவது உண்மை. காரணம் உயரம் இல்லை. ஒலியின் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறாது, வெப்பத்தைப் பொறுத்து மாறும். 15 டிகிரியில் வினாடிக்கு 340 மீட்டர் போகிற ஒலி, 30 டிகிரியில் 349 மீட்டர் போகும். அலை வேகமாகப் போய்த் திரும்பினால் ஸ்வரம் ஏறும். அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட கால் கட்டை.

தை மாதம் இங்கே நாலரை-ஆறு முகூர்த்தம் என்றால் வெளியே 15 டிகிரி இருந்தாலும் இருக்கும். பையிலிருந்து எடுத்த நாயனம் சில்லென்று இருக்கும். முதல் சில நிமிஷம் சுருதி இறங்கிப் பேசும். மூச்சின் சூடு உள்ளே ஏற ஏறத் தானும் ஏறும். காற்றடிக்கும் வாசலில் நிற்கும் பேண்டு செட்டுக்குச் சங்கடம் இன்னும் அதிகம். பித்தளை சூட்டைப் பிடித்து வைக்காது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஆறிவிடும்.

முன்பெல்லாம் இது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. சுருதிக்கு ஒத்து என்ற கருவி இருந்தது. அதுவும் மரக்குழாய், அதற்கும் சீவாளி. நாயனம் இறங்கினால் ஒத்தும் சேர்ந்து இறங்கும், இரண்டும் சேர்ந்து ஏறும். இப்போது எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. அதற்குக் குளிர் தெரியாது, ஒரே இடத்தில் நிற்கும். ஊதுகிறவர் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். சபையில் சிலர் முகம் சுளிக்கும்போது குறை வித்வானிடம் இல்லை, விடிகாலைக் குளிரில் இருக்கிறது.

குளிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. குக்கர் மூடியைத் திறந்து கவிழ்த்தால் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகச் சொட்டும் அல்லவா? மூச்சில் உள்ள ஆவி குளிர்ந்த பித்தளையில் பட்டு அதே போல் தண்ணீராகிறது. ட்ரம்பெட்காரர் அடிக்கடி கருவியைச் சாய்த்து ஒரு சின்ன மூடியைத் திறந்து சொட்டுவதைப் பார்த்து எச்சில் என்று ஒதுங்கி நிற்பார்கள்; பெரும்பகுதி வெறும் ஆவித் தண்ணீர்தான். அதை விடாவிட்டால் உள்ளே களகளவென்று கொப்பளிக்கும், ஸ்வரம் நடுங்கும்.

மரத்துக்கு இந்த ஈரம் ஆபத்து. உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும். உள்மரம் விரியும், வெளிமரம் சுருங்கும், விரிசல் விடும். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்து, இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த மரம் அது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேண்டுக் கருவிகளுக்கு மூலம் வடக்கே, மீரட்டின் ஜாலி கோட்டி. நாட்டின் பெருவாரியான பித்தளை ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் அந்தச் சந்துகளில் வளைத்துப் பற்றவைத்தவை.

வால்வுக்கு எண்ணெய் விடுவதிலும் இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. வால்வு ஆயில் தீர்ந்துபோய்த் தையல் மிஷின் எண்ணெயில் சமாளிப்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெயை மட்டும் தொடக் கூடாது. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். தை மாத விடிகாலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலே வராத எண்ணெய், வால்வுக்குள் போனால் பிஸ்டன் பாதியில் நின்றுகொள்ளும்.

எல்லை தாண்டும் மேளம்

ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். மேளக்காரர்களுக்கு இது ஒரே தொழில் வட்டாரம்: காலையில் தேன்கனிக்கோட்டை, மாலையில் ஆனேக்கல். வேனுக்குப் பர்மிட், அடுத்த மாநில வரி என்ற தலைவலி ஓட்டுநருக்கு. கருவியை அடிபடாமல் கொண்டுபோகும் தலைவலி ஊதுகிறவருக்கு. நாயனத்தில் அணசைக் கழற்றிவிடலாம், கொம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பையில் போடலாம். சேரும்போது அதே கொம்பை அரைவட்டமாகவும் மாட்டலாம், நெளிவாகவும் மாட்டலாம்; நீளம் ஒன்றுதான் என்பதால் சத்தமும் ஒன்றுதான். தவிலுக்குத்தான் தனி சீட்டு வேண்டும்.

மண்டப வாசலில், "மேளக்காரங்க வந்துட்டாங்களா?" என்று ஒரு குரல். உள்ளேயிருந்து, "வாலகதவ்ரு பந்த்ரா?" என்று கன்னடத்தில் அதே கேள்வி. பெண்ணின் பாட்டி தெலுங்கில் மேளத்தை விசாரிப்பார். மாலையில் அதே செட்டில் உள்ள ட்ரம்பெட்காரரை இன்னொரு தெருவில் உருதுவில் பாஜாவாலா என்று கூப்பிடுவார்கள். நாலு பாஷையிலும் பதில் சொல்லத் தெரியாத மேளக்காரர் இந்தப் பக்கம் பிழைக்க முடியாது. வாசிப்பில் அந்தத் தொல்லை குறைவு. தியாகராஜர் கீர்த்தனை தெலுங்கு, புரந்தரதாசர் பதம் கன்னடம், இளையராஜா எல்லாருக்கும் பொது. நாதஸ்வரத்துக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924-1999) தஞ்சாவூர் பாணியைக் கற்று ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, தமிழ்நாட்டின் முதல்வரிசை நாயனக்காரராக இருந்தவர். தாலி கட்டும் நேரத்தில் எழும் 'கெட்டி மேளம்' குரலும் மூன்று பாஷைக்கும் புரியும். கன்னடத்தில் ககரம் கொஞ்சம் அழுந்தி 'கட்டி மேள' என்று வரும், அவ்வளவுதான்.

உண்மையான மொழிச் சிக்கல் செட்டுகள் சேர்ந்து வாசிக்கும்போது வருகிறது. நாயனக்காரர் கட்டையில் பேசுவார், பேண்டு மாஸ்டர் எழுத்தில் பேசுவார். ட்ரம்பெட்காரர் 'சி' என்று சொல்லி ஊதுவது நிஜத்தில் ஆறரைக் கட்டை; ஆல்டோ சாக்ஸ்காரரின் 'சி' இரண்டரைக் கட்டை. மூன்று பேரும் ஒரே 'சி' என்று ஒத்துக்கொண்டு ஆரம்பித்தால் முதல் ஊதிலேயே சண்டை. அனுபவசாலிகள் பேச்சைக் குறைத்து, இரண்டரைக் கட்டையைச் சுருதிப் பெட்டியில் வைத்துவிட்டு, "இதுக்கு வா" என்பார்கள். இரண்டரைக் கட்டைப் பாரியும் ஆல்டோ சாக்ஸும் சிரமமில்லாமல் சேர்ந்துவிடும். ட்ரம்பெட்காரர்தான் விரல் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டாருக்குச் சில வேண்டுகோள்கள். மேளத்தை முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பே வரவழையுங்கள். வந்தவுடன் ஊதச் சொல்லாமல் சீவாளி ஊறவும் குழாய் சூடேறவும் விடுங்கள். ஜன்னலோரக் காற்றிலும் ஃபேனுக்கு நேர் கீழேயும் உட்காரவைக்காதீர்கள். இரண்டு செட்டு வருகிறது என்றால் சுருதியை முந்தின நாளே போனில் பேசி முடிக்கச் சொல்லுங்கள். குடிக்க முதலில் வெந்நீர் கொடுங்கள். காபியை ஊதி முடித்த பிறகு கொடுங்கள். சர்க்கரை வாயிலிருந்து மூச்சோடு போய்ச் சீவாளியிலும் வால்விலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.